மாமா மிதந்து வந்த கடல்

வீட்டைச் சில்லில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவது எங்களுக்குப் புதிய விடயமல்ல. 2008 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து 2009 மே வரை வன்னியில் இருந்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அந்தக் கதையைச் சொல்வாள். உழவு இயந்திரப் பெட்டியில் கூரைத் தகரம், கதவு நிலை, கிணற்று வாளி, அரிசி மூட்டை, கோழிக் கூடு, நடக்க முடியாத கிழவி என்று எல்லாவற்றையும் ஏற்றி, மேலே தறப்பாளை இழுத்துக் கட்டிக்கொண்டு, அடுத்த இடம் எது என்று தெரியாமல் போனோம். பெட்டிக்குக் கீழே அடுப்பு மூட்டினோம். பெட்டிக்குள்ளே படுத்தோம்.

அப்படி ஒரு வண்டியைக் காசு கொடுத்து வாடகைக்கு எடுத்து, சந்தோசத்துக்காக அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து ஊர் பார்க்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதை 2023 ஆம் ஆண்டு யூலை மாதம் கனடாவில்தான் கண்டேன். அந்தப் பயணத்தைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன். பார்த்த இடங்களை மட்டும் சொல்வதற்காக அல்ல. எங்கள் குடும்பத்தில் 36 வருடங்களாக ஒருவரும் கேட்காதிருந்த ஒரு கேள்வி அந்த வண்டிக்குள் கேட்கப்பட்டது. உங்களில் பலருடைய வீடுகளிலும் அதுபோன்ற ஒரு கேள்வி இருக்கக்கூடும்.

அம்மா தந்துவிட்ட கேள்வி

நான் கனடா போனது வேலை தொடர்பான பயிற்சிக்காக. நோவா ஸ்கோசியா மாகாணத்தில் அன்ரிகோனிஷ் என்ற சிறிய நகரத்தில் கோடி நிறுவனம் இருக்கிறது. 1959 இல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனத்தில் பல நாடுகளிலிருந்தும் சமூக வேலை செய்பவர்கள் வந்து படிக்கிறார்கள். மோசஸ் கோடி என்ற பாதிரியாரின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1920களிலும் 1930களிலும் அந்தக் கரையோரத்து ஏழை மீனவர்களை வீட்டுக் குசினிகளில் சிறு சிறு குழுக்களாகக் கூட்டி, படிக்க வைத்து, கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களை அமைக்க உதவினார்கள். எங்கள் கிராமங்களில் பெண்கள் கிழமைக்கு ஒரு தடவை கூடிச் சேமிப்புப் பணம் கட்டும் சங்கங்களை நினைத்துக்கொண்டேன். நூறு வருடத்துக்கு முன் மீன் முதலாளியின் கடனிலிருந்து மீள அவர்கள் பிடித்த வழியைத்தான் நாங்களும் நுண்கடன்காரர்களிடமிருந்து மீளப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

பயிற்சி முடிய இரண்டு கிழமை விடுமுறை எடுத்திருந்தேன். ரொறன்ரோவில், ஸ்காபரோவில் வசிக்கும் என் மாமாவும் மாமியும் ஒரு ஆர்.வி. வண்டியில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு, நியூபவுண்ட்லாந்துத் தீவில் திருமணம் செய்து வாழும் தங்கள் மகளிடம் போவதாக ஏற்பாடு. மாமா அம்மாவின் ஒரே அண்ணன்.

நான் புறப்படும்போது அம்மா மிளகாய்த் தூளும் பருத்தித்துறை வடையும் கட்டித் தந்துவிட்டு, கடைசியாக ஒன்று சொன்னா.

“பிள்ளை, மாமா கடிதம் போடாமல் இருந்த அந்தப் பத்து மாதமும் ஏனெண்டு ஒருக்காக் கேட்டுக்கொண்டு வா. கோவமாக் கேளாதை. சும்மா கேள்.”

விடயம் இதுதான். மாமா 1984 இல் வடமராட்சியிலிருந்து மேற்கு ஜேர்மனிக்குப் போனவர். அவரை அனுப்ப அம்மம்மா தன்னுடைய நகைகளை விற்று, வீட்டுக் காணியை ஈடு வைத்தா. 1986 யூலையில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வேறு நாட்டுக்குப் போகப் போகிறேன், போய் எழுதுகிறேன் என்று மட்டும் இருந்தது. ஓகஸ்டில், கனடாவின் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த தமிழர்கள் காப்பாற்றப்பட்டதாக வானொலியில் செய்தி வந்தது. 155 பேர் என்றார்கள். பெயர்கள் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அம்மம்மா ஒவ்வொரு நாளும் தபால் கந்தோருக்கு நடந்தா. 1987 மே 26 இல் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தார்கள். அங்கே ஒரு உறவினர் வீட்டுத் திண்ணையில், யூன் மாதம், அம்மம்மா காய்ச்சலில் இறந்துபோனா. மாமாவின் கடிதமும் வங்கிக் காசோலையும் ஓகஸ்டில் வந்து சேர்ந்தன. அந்தக் காசு அம்மம்மாவின் ஆட்டைத் திவசத்துக்குத்தான் உதவியது.

அதன் பிறகு மாமா எங்களை மறந்ததே இல்லை. அம்மாவின் கல்யாணம், 2004 இல் ஆழிப்பேரலை கொண்டுபோன வீடு, 2009 இற்குப் பின் முகாமிலிருந்து திரும்பிக் கட்டிய வீடு, என் பல்கலைக்கழகப் படிப்பு எல்லாவற்றிலும் அவருடைய காசு இருக்கிறது. அதனால்தான் அம்மாவால் அந்தக் கேள்வியைக் கேட்க முடியவில்லை. கை நீட்டி வாங்குகிற இடத்தில் கோபத்தைச் சொல்ல முடியாது. சமூகவியல் படித்த நான் இதற்குப் பெரிய பெயர்கள் சொல்வேன். அம்மா “அது சரியில்லைப் பிள்ளை” என்று மட்டும் சொல்வா.

சில்லு பூட்டிய வீடு

வண்டி ஏறக்குறைய 25 அடி நீளம். சாரதியின் தலைக்கு மேலே ஒரு கட்டில், பின்னால் ஒரு கட்டில், நடுவில் சாப்பாட்டு மேசை. அந்த மேசையை இறக்கினால் அதுவும் ஒரு கட்டில். மூன்று அடுப்புள்ள காஸ் குக்கர், குளிர்சாதனப் பெட்டி, ஒரு ஆள் நின்று திரும்பக்கூடிய குளியலறை, மலகூடம். இரவில் இதற்கென்றே உள்ள முகாம்களில் கொண்டுபோய் நிறுத்தி, மின்சாரமும் தண்ணீரும் பூட்டிக்கொள்ளலாம். முகாம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மெனிக் பாம் நினைவு வந்தது. அங்கே அது விடுமுறைக்குப் போகும் இடத்தின் பெயர்.

முதல் நாளே ஒன்றைக் கவனித்தேன். வீட்டுக்குச் சில்லுப் பூட்டினாலும் குசினி வேலைக்குச் சில்லு இல்லை. அது பெண்ணிடமே நிற்கிறது. மாமி காலையில் புட்டும் சம்பலும், மத்தியானம் சோறும் சொதியும் என்று வீட்டில் செய்த எல்லாவற்றையும் அந்த இரண்டடி இடத்தில் நின்று செய்தா. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வண்டியின் அடியில் இரண்டு கழிவுத் தொட்டிகள் இருக்கும். ஒன்று கழுவிய தண்ணீருக்கு, மற்றது மலகூடத்துக்கு. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை குழாய் பூட்டி அவற்றை வெறுமையாக்க வேண்டும். அந்த வேலையை மாமா கையுறை போட்டுக்கொண்டு செய்தார். அந்த முகாமில் அதைச் செய்துகொண்டு நின்றவர்கள் எல்லோருமே ஆண்கள். “உங்கட ஊரில ஒரு ஆம்பிளையும் இதைச் செய்யமாட்டான் எண்டு எழுது” என்று மாமி சொன்னா. எழுதிவிட்டேன்.

அன்ரிகோனிஷிலிருந்து கிழக்கே போனால் கான்சோ கடற்பாலம் வரும். 1955 இல் கடலுக்குள் கல்லைக் கொட்டி அமைத்த வீதி அது. அதைத் தாண்டினால் கேப் பிரெட்டன் தீவு. அங்கே நோர்த் சிட்னி துறைமுகத்தில் வண்டியோடு கப்பலில் ஏறினோம். ஏறுவதற்கு முன் காஸ் சிலிண்டரைப் பூட்ட வேண்டும். கப்பல் ஓடும்போது வண்டிக்குள் இருக்க விடமாட்டார்கள். மேல் தட்டுக்குப் போய்விட வேண்டும். ஏறக்குறைய ஏழு மணித்தியாலப் பயணம்.

மாமியும் நானும் வெளித்தட்டில் நின்று கடலைப் பார்த்தோம். மாமா வரவில்லை. உள்ளே, சன்னல் இல்லாத பக்கத்தில் ஒரு கதிரையைத் தேடி, அதில் ஏழு மணித்தியாலமும் இருந்தார். பருத்தித்துறைக் கடலில் நீந்தி வளர்ந்த மனிதர் அவர்.

“கடலில போற எதிலயும் இந்த மனிசன் ஏறமாட்டுது. மகளுக்காகத்தான் ஏறினது” என்றா மாமி.

கடலோரத்துச் சம்பந்தியார்

கப்பல் போய்ச் சேர்ந்த இடம் போர்ட் ஓ பாஸ்க். 2022 செப்டெம்பர் 24 இல் பியோனா என்ற புயல் இந்த ஊரைத் தாக்கியது. கடல் ஏறி வந்து சுமார் 100 வீடுகளை அழித்தது. ஒரு பெண்ணைக் கடல் கொண்டுபோனது. நாங்கள் போனபோது கரையோரத்தில் வீடுகள் நின்ற நிலங்கள் வெறுமையாகக் கிடந்தன. சில இடங்களில் படிக்கட்டு மட்டும் இருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். 2005 இல் எங்கள் கரையும் இப்படித்தான் இருந்தது. வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அப்போது சொன்னதும், “கடலை விட்டுட்டு எங்க போறது” என்று எங்கள் பெண்கள் கேட்டதும் நினைவிருக்கும். கடையில் நின்ற ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். கரையோரத்தில் இருந்தவர்கள் உள்ளே வேறு இடங்களில் குடியேறுகிறார்கள் என்றும், வயதானவர்களுக்குத்தான் அது பெரிய துக்கம் என்றும் சொன்னார். மொழி வேறாக இருந்தாலும் கதை ஒன்றுதான்.

அங்கிருந்து தலைநகர் சென் ஜோன்ஸ் வரைக்கும் சுமார் 900 கிலோமீற்றர். மூன்று நாட்கள் ஓடினோம். இருட்டியபின் வண்டி ஓட்டுவதில்லை. மூஸ் என்ற, குதிரையிலும் உயரமான மான் வீதிக்குக் குறுக்கே வரும். 1904 இல் நான்கு மான்களைக் கொண்டுவந்து இந்தத் தீவில் விட்டார்களாம். இன்று ஒரு இலட்சத்துக்கும் மேல் பெருகிவிட்டன. வழியெல்லாம் காடும் குளமும் பாறையும். ஒரு மணித்தியாலம் ஓடினாலும் ஒரு வீட்டைக் காணாத இடங்கள் உண்டு. இந்தத் தீவின் நேரமும் எங்களுடையதைப் போல அரை மணித்தியாலக் கணக்கு உள்ளது. கோடை காலத்தில் இலங்கைக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் சரியாக எட்டு மணித்தியாலம் வித்தியாசம். அங்கே காலை பத்து என்றால் அம்மா இங்கே விளக்கு வைக்கிற நேரம்.

மச்சாள் தாதியாக வேலை செய்கிறாள். சென் ஜோன்ஸிலிருந்து தெற்கே முப்பது கிலோமீற்றரளவில் உள்ள பே புல்ஸ் என்ற கடற்கரை ஊரில் வீடு. அவளுடைய கணவர் அந்த ஊர் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. இந்தக் கல்யாணத்துக்கு மாமா முதலில் சம்மதிக்கவில்லை. சம்மதித்த பிறகும் சம்பந்தி வீட்டுக்கு இதுவே முதற்பயணம். மாப்பிள்ளையின் தாய் அறுபத்தைந்து வயதளவில் ஒரு விதவை. வாசலில் நின்று எங்கள் எல்லோரையும் கட்டிப்பிடித்தார். அந்தத் தீவில் பெண்கள் கடைக்காரரையும் தெரியாதவரையும்கூட “மை லவ்” என்றுதான் கூப்பிடுவார்கள். மாமாவையும் அப்படிக் கூப்பிட்டபோது மாமி சிரிப்பை அடக்கப் பட்ட பாடு சொல்லி முடியாது.

யூலை மாதத்தில் கேப்ளின் என்ற சிறிய மீன் முட்டையிடுவதற்காக அலையோடு கரைக்கு வந்து விழும். ஊர்ச்சனம் வாளியோடு போய் அள்ளுவார்கள். எங்கள் சூடை மீன் அளவுதான் இருக்கும். சம்பந்தியம்மா ஒரு வாளி கொண்டுவந்து தர, மாமி ஆர்.வி.க்குள் நின்று மிளகாய்த் தூளும் மஞ்சளும் போட்டுப் பொரித்தா. அன்று இரவு அந்த வண்டியின் சின்ன மேசையைச் சுற்றி நாங்கள் ஆறு பேர் நெருங்கி இருந்து சாப்பிட்டோம்.

சம்பந்தியம்மா மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்தவர். 1992 யூலை 2 ஆம் திகதி கொட் மீன் பிடிப்பதை அரசாங்கம் நிறுத்தியது. பெரிய கப்பல்கள் அளவுக்கு மிஞ்சிப் பிடித்து மீன் இல்லாமற் போனதுதான் காரணம். அந்த மாகாணத்தில் சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். இளையவர்கள் தீவை விட்டு வெளியேறினார்கள். தடை 2024 வரை நீடித்தது. “படகை இழந்த ஆண்களைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். ஆலையில் நின்ற எங்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு” என்றார். அவருடைய தாயார் காலத்தில் ஆண்கள் பிடித்து வந்த மீனைப் பிளந்து, உப்பிட்டு, தடி நாட்டிக் கட்டிய பரண்களில் காயவைத்துக் கருவாடாக்கியவர்கள் பெண்களே. மழை வந்தால் ஓடிப்போய் மூடுவதும் அவர்களே. ஆனால் கணக்குப் புத்தகத்தில் கணவனின் பெயர் மட்டும்தான் இருக்கும். முல்லைத்தீவிலும் மன்னாரிலும் வாடிகளில் கருவாடு போடும் எங்கள் பெண்களைப் பற்றி நான் அவருக்குச் சொன்னேன். மச்சாள் மொழிபெயர்த்தாள்.

சாப்பாடு முடியும்போது அவர் மாமாவைப் பார்த்து ஒன்று சொன்னார். 1986 இல் அந்தத் தமிழர்களைத் தொலைக்காட்சியில் பார்த்ததாகவும், தன்னுடைய தாயார் அலுமாரியைத் திறந்து தகப்பனின் கம்பளிச் சட்டைகளைக் கட்டி அனுப்பியதாகவும் சொன்னார். “அதில் ஒன்று உங்களுக்குக் கிடைத்திருக்கலாம்” என்றார். மாமா எழுந்து போய் அவருடைய கையைப் பிடித்தார். ஒன்றும் பேசவில்லை.

ஒரே ஒரு எழுத்து

மறுநாள் மச்சாள் எங்களைச் சென் ஜோன்ஸில் உள்ள சிக்னல் ஹில் குன்றுக்குக் கூட்டிப்போனாள். 1901 டிசெம்பர் 12 இல் மார்க்கோனி இந்தக் குன்றில் பட்டம் ஏற்றி, அதில் கட்டிய கம்பி மூலம் இங்கிலாந்தின் கோர்ன்வோலிலிருந்து வந்த கம்பியில்லாத் தந்திச் சமிக்ஞையைக் கேட்டார். அத்திலாந்திக் கடலைத் தாண்டி அப்படி ஒன்று வந்தது அதுவே முதற்தடவை. சுமார் 3,400 கிலோமீற்றர் கடந்து வந்த அந்தச் செய்தி என்ன தெரியுமா? “எஸ்” என்ற ஒரே ஒரு எழுத்து. தந்தி முறையில் மூன்று புள்ளிகள். வேறு ஒன்றுமில்லை.

“இவ்வளவு பாடுபட்டு ஒரு எழுத்தைத்தானே அனுப்பினவங்கள்” என்று மாமி சிரித்தா.

“ஆள் இருக்கிறார் எண்டு தெரிய அது காணும்தானே மாமி” என்றேன். அப்போது வேறு ஒன்றையும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பனிமூட்டத்தில் கேட்ட கேள்வி

அதற்கு அடுத்த நாள் மாமா, மாமி, நான் மூன்று பேரும் ஆர்.வி.யில் தெற்கே சென் ஷொட்ஸ் என்ற இடத்துக்குப் போனோம். தீவின் தென்முனையில் உள்ள மிகச் சிறிய கிராமம். மரமில்லாத வெறும் புல்வெளி, பாசி, பாறை. அதைத் தாண்டினால் செங்குத்தான கரையும் கடலும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பனிமூட்டம் பத்தடிக்கு அப்பால் ஒன்றையும் காட்டவில்லை. அலையின் சத்தம் மட்டும் கேட்டது.

இந்தக் கரையிலிருந்து சில மைல் தூரத்தில்தான் 1986 ஓகஸ்ட் 11 இல் அந்த 155 பேரும் கண்டெடுக்கப்பட்டார்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்து ஒரு சரக்குக் கப்பலில் ஏற்றி வரப்பட்டு, நடுக்கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இறக்கிவிடப்பட்டவர்கள். மூன்று நாட்கள் பனிமூட்டத்தில் மிதந்தார்கள். அவர்களில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். கஸ் டோல்ற்றன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் முதலில் கண்டு, மற்றப் படகுகளையும் கரையோரக் காவலையும் அழைத்தார். தங்கள் மீன்பிடியை விட்டுவிட்டு ஆட்களை ஏற்றினார்கள். சென் ஜோன்ஸில் பல்கலைக்கழக விடுதியில் தங்க வைத்தார்கள். சில நாட்களிலேயே தற்காலிக அனுமதி கொடுத்து மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் போக விட்டார்கள். 2016 இல் 30 ஆண்டு நிறைவின்போது அவர்களில் சிலர் திரும்பிப் போய் டோல்ற்றனைச் சந்தித்து நன்றி சொன்னார்கள். மாமா அப்போது போகவில்லை.

எல்லாக் காலத்திலும் அப்படி நடந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2010 ஓகஸ்டில் சன் சீ என்ற கப்பலில் 492 தமிழர்கள் கனடாவின் மேற்குக் கரையில் போய் இறங்கியபோது, பெண்கள், பிள்ளைகள் உட்பட அவர்களைத் தடுப்பில் வைத்தார்கள். பலர் மாதக் கணக்காக உள்ளே இருந்தார்கள். அதே நாடு, அதே மக்கள், 24 வருட வித்தியாசம்.

மாமா வண்டியை நிறுத்திவிட்டு இறங்கவில்லை. மாமி தேத்தண்ணி வைத்தா. மேசையில் மூன்று பேரும் இருந்தோம். வெளியே பனி. என்னுடைய தொழிலில் ஒருவரிடம் துக்கத்தை இழுத்து எடுக்கக்கூடாது, அவர் தயாராகும்வரை காத்திருக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். அதனால் இந்தப் பயணம் முழுவதும் கேட்காமல் இருந்தேன். அன்று மாமாவே தொடங்கினார்.

“கொம்மா ஏதாவது கேட்டு விட்டவவோ?”

“ஓம் மாமா. அந்தப் பத்து மாதமும் ஏன் கடிதம் போடேல்லை எண்டு. கோவமில்லையாம். சும்மா கேக்கச் சொன்னவ.”

அவர் நீண்ட நேரம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னத்தை எழுதுறது பிள்ளை? ஜேர்மனியில வேலை செய்ய விடேல்லை. கப்பலுக்குக் குடுத்த காசு முழுக்கக் கடன். இஞ்ச வந்து இறங்கேக்கை கையில ஒரு சதமில்லை, போட்டிருந்த சட்டையும் என்ரை இல்லை. ஜேர்மனியில இருந்து வந்ததைச் சொல்லப் பயந்து, இந்தியாவில இருந்து வந்தனாங்கள் எண்டு முதல் சொன்னனாங்கள். அந்தப் பொய்யும் ஒரு பயம். ஆனால் அதெல்லாம் சாட்டு. அம்மா காணியை ஈடு வைச்சவ. காசில்லாமல் வெறுங் கடிதத்தை எப்பிடி அனுப்புறது எண்டுதான் இருந்தனான். முதல் சம்பளம் வரட்டும் எண்டன். பிறகு கடன்காரன் வந்தான். அடுத்த மாதம் எண்டன். காணியை மீட்கிற காசோட எழுதுவம் எண்டு எழுதாமல் விட்டது பத்து மாதம்.”

“அம்மம்மா ஒவ்வொரு நாளும் தபால் கந்தோருக்குப் போனவவாம் மாமா” என்றேன். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் சொன்னேன்.

அவருக்கு அது தெரியாது. 36 வருடங்களாக ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. காய்ச்சலில் இறந்தா என்பது மட்டுமே தெரியும். மாமா கதவைத் திறந்து இறங்கிப் பனிக்குள் போனார். மாமி பின்னால் போகப் போனா. நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் பனி சற்று விலகியது. அவர் கரையோரப் புல்லில் குந்தியிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

அங்கே கைத்தொலைபேசியில் கோடு இல்லை. திரும்பி வரும் வழியில் கோடு வந்ததும் மாமா வண்டியை ஓரங்கட்டி, தானாகவே அம்மாவை அழைத்தார். அங்கே மத்தியானம் பன்னிரண்டு மணி. முல்லைத்தீவில் இரவு எட்டு. “தங்கச்சி” என்று கூப்பிட்டவரால் அதற்குமேல் பேச முடியவில்லை. அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

“அண்ணை, அம்மா உங்களோட கோவிச்சுக்கொண்டு போகேல்லை. பாத்துக்கொண்டுதான் போனவ” என்றா. பிறகு, “சாப்பிட்டியளே?” என்று கேட்டா.

காத்திருப்பவர்களுக்கு

ஊருக்குத் திரும்பிய பிறகு, என்னுடைய வேலையில் சந்திக்கும் பெண்களிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன ஒரு தாய், சம்பளம் கிடைக்கவில்லை என்பதற்காக நான்கு மாதம் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்காமல் இருந்ததை அறிவேன். பிள்ளைகள் அவள் இறந்துவிட்டாள் என்றே எண்ணியிருந்தார்கள். வெளிநாட்டில் இருப்பவர் வெறுங்கையோடு பேச வெட்கப்படுகிறார். இங்கே இருப்பவர் வாங்கிய கைக்காக வாய் மூடி இருக்கிறார். இரண்டு பக்கமும் அன்பு இருக்கிறது. நடுவில் காசு கடலைப்போலக் கிடக்கிறது.

காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளுக்காகக் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாரை நாங்கள் அறிவோம். அவர்கள் கேட்பதும் முதலில் ஒரு சொல்தான்: இருக்கிறாரா, இல்லையா? அந்தப் பதிலைத் தர வேண்டியவர்கள் தருவதில்லை. ஆனால் எங்கள் கையில் உள்ள ஒரு சொல்லை நாங்களாவது ஒருவருக்கொருவர் பிடித்து வைக்காமல் இருக்கலாம். தூர இடத்தில் உங்களுக்கு ஒரு மகனோ மகளோ கணவனோ சகோதரனோ இருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள்: “காசு இல்லாத நாளிலும் பேசு. சுகமாக இருக்கிறேன் என்ற ஒரு சொல் போதும்.” உங்கள் மனத்தில் பழைய கேள்வி இருந்தால் அதையும் கோபமில்லாமல் கேளுங்கள். கேட்பதால் உதவி நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். எங்கள் வீட்டில் நிற்கவில்லை.

மாமா இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவை அழைக்கிறார். முன்பு காசு அனுப்பினால் மட்டும் அழைப்பார். இப்போது சில நாட்களில் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. மழை பெய்ததா, என்ன கறி என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடுவார்கள். வைத்தபின் அம்மா சிரித்த முகத்தோடு குசினிக்குள் போவா.